வறட்சி தாங்கும் பயிர்களின் மரபியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வறட்சியைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு செய்திகளில் அடிக்கடி வருகிறது. வயலுக்கு ரகங்கள் அந்த வேகத்தில் வருவதில்லை. இது ஏன் என்ற சந்தேகம்தான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருக்கிறது. பள்ளியில் படித்த உயிரியல் ஓரளவு நினைவிருந்தால் போதும், மேலே படிக்கலாம்.

வறட்சியைத் தாங்க வைக்கும் மரபணு என்று ஒன்று இருக்கிறதா?

ஒரே ஒரு மரபணு என்று இல்லை. சில பயிர் நோய்களுக்கு எதிர்ப்புத் திறனை ஒற்றை மரபணுவே தந்துவிடும். வறட்சி அப்படிப்பட்ட விஷயமில்லை. வேர் எவ்வளவு ஆழம் போகிறது, இலை எவ்வளவு அகலம், எத்தனை நாளில் பூக்கிறது, இலைத்துளை எப்போது மூடுகிறது, மகரந்தம் வெயிலில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பல பண்புகள் சேர்ந்துதான் கடைசியில் கைக்கு வரும் மகசூலைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பண்புக்கும் பின்னால் பல மரபணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் சிறியது.

ஒரு செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, எந்த மரபணுக்களின் வேலை கூடுகிறது அல்லது குறைகிறது என்று பார்த்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியல் வரும். பட்டியலில் இருப்பதாலேயே அந்த மரபணு செடியைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது. வாடும்போது செல்களில் சேதம் நடக்கிறது. அந்தச் சேதத்தின் விளைவாகவும் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன.

தாங்குவது என்றால் என்ன? சாகாமல் இருப்பதா, விளைவதா?

இதைத் தெளிவுபடுத்தாமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இரண்டும் வேறுவேறு. இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் கிடந்து, பிறகு தண்ணீர் கண்டதும் பச்சை பிடிக்கும் செடி ஆய்வகத்தில் வெற்றி. கதிரில் பாதி பதராகிப்போனால் விவசாயிக்கு அது தோல்வி.

செடிகள் வறட்சியைச் சமாளிக்கும் வழிகளை வழக்கமாக மூன்றாகப் பிரிப்பார்கள். முதலாவது தப்பித்தல்: மண்ணில் ஈரம் தீருமுன் பூத்துக் காய்த்து முடித்துவிடுவது. குறுகிய வயதுடைய ரகங்கள் எல்லாம் இந்த வகை. இரண்டாவது தவிர்த்தல்: ஆழமான வேரால் நீரைத் தேடி எடுத்தும், இலைத்துளையை மூடி இழப்பைக் குறைத்தும் திசுக்களை ஈரமாக வைத்துக்கொள்வது. மூன்றாவதுதான் சொல்லின் சரியான பொருளில் தாங்குதல்: செல்லுக்குள் நீர் உண்மையிலேயே குறைந்த பிறகும் வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. புரோலின், கிளைசின் பீட்டெய்ன், சில சர்க்கரைகள் போன்ற கரைபொருள்களைச் செல் சேர்த்து வைக்கும். அவை செல்லில் நீரைப் பிடித்து வைப்பதோடு புரதங்களும் சவ்வுகளும் சிதையாமல் காக்கும்.

வயலில் மகசூலைக் காப்பாற்றிய வெற்றிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வழிகளால் வந்தவை. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படுவது மூன்றாவது. இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

தண்ணீர் குறைவது செடிக்கு எப்படித் தெரிகிறது?

நீர்த் தட்டுப்பாட்டின் முதல் அறிகுறிகளிலேயே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் செடி அதிகமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. 1960-களில் கண்டறியப்பட்ட பொருள் இது. ஆனால் செல் இதை எதைக் கொண்டு உணர்கிறது என்பது 2009-ல்தான் தெளிவானது. அந்த ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதன் உணர்விகளை அடையாளம் கண்டன.

ஏற்பாடு சுவாரசியமானது. சாதாரண நேரத்தில் பாஸ்படேஸ் வகை நொதிகள் சில, கைனேஸ் வகை நொதிகளை அடக்கி வைத்திருக்கின்றன. ஹார்மோன் வந்து உணர்வியோடு சேர்ந்ததும், உணர்வி போய் அந்தப் பாஸ்படேஸைப் பிடித்துக்கொள்கிறது. கட்டவிழ்ந்த கைனேஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இலைத்துளையின் காப்புச் செல்களில் உள்ள அயனி வழிகளைத் திறந்துவிடுகிறது. அயனிகள் வெளியேற, நீரும் வெளியேற, செல் தளர்ந்து துளை மூடுகிறது. இன்னொரு பக்கம், செல்லின் உட்கருவுக்குள் படியெடுப்புக் காரணிகளை (மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்களை) தூண்டி, பாதுகாப்புப் புரதங்களுக்கான மரபணுக்களை இயக்குகிறது.

அப்சிசிக் அமிலத்தைச் சாராத பாதையும் உண்டு. 1990-களில் ஜப்பானில் கசுவோ ஷினோசாகி, கசுகோ யமகுச்சி-ஷினோசாகி குழுவினர் விவரித்த டிரெப் வகைப் படியெடுப்புக் காரணிகள் அதில் முக்கியமானவை. ஒரு டிரெப் புரதம் பல பாதுகாப்பு மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கும். இந்த ஒன்றைக் கூட்டிவிட்டால் எல்லாம் நடந்துவிடுமே என்ற நம்பிக்கை அப்போது பெரிதாக எழுந்தது. அது என்னவானது என்பதைக் கீழே பார்ப்போம்.

இலைத்துளையைச் சீக்கிரம் மூடும் ரகம் இருந்தால் போதாதா?

போதாது. நீராவி வெளியேறும் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வருகிறது. துளையை மூடினால் ஒளிச்சேர்க்கையும் குறையும், நீராவிப்போக்கால் இலைக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் போய்விடும். கொஞ்சம் வாடியதுமே மூடிக்கொள்ளும் ரகம், நான்கு நாள் கழித்து மழை வரும் இடத்தில் வீணாக மகசூலை இழக்கிறது. மூன்று வாரம் மழை வராத இடத்தில் அதே ரகம் தப்பிக்கிறது.

இந்தச் சமரசத்தைப் பயன்படுத்திக்கொண்ட நல்ல உதாரணம் ஆஸ்திரேலியக் கோதுமை. காற்றில் உள்ள கார்பனில் சுமார் 1 சதவீதம் கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கை நொதி இந்தக் கனமான வகையை இயல்பாகவே ஒதுக்கும். துளைகளை இறுக்கமாக வைத்திருக்கும் செடியில் உள்ளே வாயு குறைவாக இருப்பதால் இருப்பதைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருக்கிறது, ஒதுக்குவது குறைகிறது. ஆக, இலையையோ தானியத்தையோ எடுத்து கார்பன் விகிதத்தை அளந்தால் அந்தச் செடி ஒரு லிட்டர் நீருக்கு எவ்வளவு உயிர்ப்பொருள் உண்டாக்கியது என்று கணிக்கலாம். கிரகாம் ஃபார்குவாரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் 1980-களில் இதைக் கோதுமையில் காட்டினார்கள். இந்த அளவீட்டை வைத்துத் தேர்ந்தெடுத்த டிரைஸ்டேல் என்ற ரகம் 2002-ல் வெளிவந்தது. விதைக்கும்போது மண்ணில் இருக்கும் ஈரத்தை நம்பியே கடைசிவரை போக வேண்டிய வறண்ட இடங்களில்தான் அதன் சாதகம் நன்றாகத் தெரிந்தது. நல்ல மழை உள்ள இடத்தில் நீரைச் சிக்கனம் செய்வதால் பெரிய பயனில்லை.

எந்த மரபணு என்று தெரியாமலேயே இந்த வேலை முடிந்தது என்பதைக் கவனியுங்கள். சரியான பண்பை மலிவாக அளக்க ஒரு வழி கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

ஆழமான வேர் வேண்டும் என்கிறார்களே, அதற்கு மரபணு கிடைத்துவிட்டதா?

நெல்லில் கிடைத்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் முழுமையாகச் சொல்லக்கூடிய கதைகளில் இது ஒன்று.

ஐஆர்64 உலகில் மிகப் பரவலாகப் பயிரான நெல் ரகங்களில் ஒன்று. அதன் வேர் மேலாகப் படரும். கினாண்டாங் படோங் என்பது பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல். அதன் வேர் செங்குத்தாகக் கீழே இறங்கும். ஜப்பானில் யுசாகு உகாவின் குழு இரண்டையும் கலந்து, சந்ததிகளில் வேரின் கோணத்தை அளந்து, 9-ஆம் குரோமோசோமில் டிரோ1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்து 2013-ல் வெளியிட்டது. ஐஆர்64-இல் இந்த மரபணுவின் டிஎன்ஏ-வில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது.

டிரோ1 வேர் நுனியில் வேலை செய்கிறது. ஆக்சின் என்ற ஹார்மோன் அதைக் கட்டுப்படுத்துகிறது. வேரின் மேல்பக்கச் செல்களும் கீழ்ப்பக்கச் செல்களும் நீள்வதில் உள்ள வித்தியாசத்தை அது மாற்றுவதால், வேர் புவியீர்ப்பை நோக்கி இன்னும் கூர்மையாக வளைகிறது. வேரின் மொத்த அளவு பெரிதாகக் கூடவில்லை, திசைதான் மாறுகிறது. இயங்கும் டிரோ1-ஐ ஐஆர்64-க்குள் கொண்டுவந்து உண்டாக்கிய வரிசை (ஒரே மரபமைப்போடு பெருக்கப்படும் செடிக்குழு), கடும் வறட்சியில் ஐஆர்64 ஏறக்குறைய ஒன்றுமே விளையாத இடத்தில் தானியம் தந்தது.

சரி, அப்படியானால் எல்லா நெல்லுக்கும் இதைக் கொடுத்துவிடலாமா? ஆழத்தில் ஈரம் இருந்தால் மட்டுமே ஆழமான வேருக்குப் பயன். ஒரு முழம் தோண்டினாலே பாறையோ கெட்டித்தட்டோ வரும் நிலத்தில் அது எங்கே போகும்? மணிச்சத்து பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பதால், கீழேயே போகும் வேர் அதையும் விட்டுவிடக்கூடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரபணுவை வைத்து, வேரை மேலே படரவிட்டால் உப்பு நிறைந்த நீர் தேங்கிய வயலில் நெல் நன்றாக விளைகிறது என்று அதே ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். அங்கே காற்றோட்டம் இல்லாத ஆழ மண்ணைத் தவிர்ப்பதுதான் சாதகம்.

பூக்கும் நேரத்து வறட்சி மட்டும் ஏன் அவ்வளவு மோசம்?

இலை வளரும் பருவத்தில் வாடினால் பிறகு ஈடுகட்ட வாய்ப்பிருக்கிறது. பூக்கும்போது வாடினால் தானியத்தின் எண்ணிக்கையே போய்விடும், அதை மீட்க முடியாது. நெல்லில் மகரந்தம் மலடாகும், கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது.

மக்காச்சோளத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆண்பூ செடியின் உச்சியில், பெண்பூவான கதிர் நடுத்தண்டில். வறட்சி வந்தால் ஆண்பூ தன் நேரத்தில் மகரந்தத்தைக் கொட்டிவிடும். கதிரின் பட்டிழை வளர நீர் போதாமல் தாமதமாக வெளிவரும். அது வெளியே வரும்போது மகரந்தம் முடிந்திருக்கும். மெக்சிகோவில் உள்ள சிம்மிட் ஆய்வு நிலையத்தில் 1970-களிலிருந்து இந்த இடைவெளியை நாள் கணக்கில் அளந்து, இடைவெளி குறைவாக உள்ள செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கருவி எதுவும் வேண்டாம், வயலில் நடந்து தேதி குறித்தால் போதும். வறட்சியில் மகசூல் கணிசமாகக் கூடியது. 2006-ல் ஆப்பிரிக்காவுக்காகத் தொடங்கிய வறட்சி தாங்கும் மக்காச்சோளத் திட்டம் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான். என் கணக்கில், பரபரப்பான பல மரபணுக் கண்டுபிடிப்புகளைவிட இந்தத் தேதி குறிக்கும் வேலை வயலுக்கு அதிகம் தந்திருக்கிறது.

சோளம் கடைசிவரை பச்சையாகவே நிற்கிறதே, அது எப்படி?

எல்லாச் சோளமும் நிற்பதில்லை. எத்தியோப்பியச் சோளத்திலிருந்து வந்த பி35 என்ற வரிசையில் இந்தப் பசுமை நீடிப்பு மிகத் தெளிவாக இருந்ததால் அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் எஸ்டிஜி1 முதல் எஸ்டிஜி4 வரை நான்கு முக்கியமான மரபிடங்கள், அதாவது குரோமோசோம் பகுதிகள், அடையாளம் காணப்பட்டன.

தானியம் முற்றும்போது இலை பச்சையாக இருப்பதால், வயதாவதைத் தள்ளிப்போடும் மரபணுக்கள் இவை என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ பொரெல் குழுவினர் ஆராய்ந்தபோது வேறு விளக்கம் கிடைத்தது. இந்த மரபிடங்கள் உள்ள செடியில் தூர்கள் குறைவு, பூப்பதற்கு முன் மொத்த இலைப்பரப்பும் குறைவு. அதனால் ஆரம்பத்தில் மண்ணிலிருந்து குறைவாகவே நீர் எடுக்கிறது. மாதத்தின் முதல் வாரத்தில் கையை இறுக்கிப் பிடிப்பவருக்குக் கடைசி வாரத்தில் பணம் இருப்பதுபோல, தானியம் நிரம்பும் பருவத்துக்கு மண்ணில் நீர் மிச்சமிருக்கிறது. நீர் இருப்பதால் இலை பச்சையாக இருக்கிறது. பசுமை இங்கே விளைவுதான்.

கம்பிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. காற்று மிக வறண்டு போகும் உச்சி வெயிலில், மண்ணில் நீர் இருக்கும்போதே, சில வரிசைகள் நீராவிப்போக்கைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதுவும் பின்பருவத்துக்கு நீரை மிச்சம் பிடிக்கும் வேலைதான்.

க்யூடிஎல் என்று படிக்கிறேன். அது மரபணுவா?

குரோமோசோமில் ஒரு பகுதி. அதற்குள் பத்து மரபணு இருக்கலாம், நூறும் இருக்கலாம். உயரம், மகசூல் போல அளவாக மாறும் ஒரு பண்போடு புள்ளியியல்படி தொடர்புள்ள பகுதியை அப்படிச் சொல்கிறோம். வேறுபட்ட இரண்டு ரகங்களைக் கலந்து, நூற்றுக்கணக்கான சந்ததிகளை வளர்த்து, ஒவ்வொன்றின் மகசூலையும் டிஎன்ஏ மார்க்கர்களையும் (குரோமோசோமில் இடம் தெரிந்த அடையாளக் குறிகளையும்) ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

வறட்சியில் மகசூலின் மரபுவழித் தன்மை (வேறுபாட்டில் மரபணுக்களுக்கு உள்ள பங்கு) மிகக் குறைவு, அதனால் மகசூலையே பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்று நீண்ட காலம் நம்பினார்கள். வேர் தடிமன், இலை சுருளுதல் போன்ற துணைப் பண்புகளின் பின்னாலேயே ஓடினார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த நம்பிக்கையை மாற்றியது. வறட்சியைச் சீராக உண்டாக்கி, போதுமான மறுசோதனைகளோடு அளந்தால் மகசூலையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டியது. 2007-ல் ஜெரோம் பெர்னியே முதலானோர் வந்தனா, வே ராரெம் என்ற இரு நெல் ரகங்களின் 400-க்கும் மேற்பட்ட சந்ததி வரிசைகளில் 12-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைக் கண்டார்கள். கடும் வறட்சியில் மகசூலில் இருந்த மரபியல் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை அது ஒன்றே விளக்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல வடிவம் வந்தது வறட்சி தாங்கும் பெற்றோரான வந்தனாவிலிருந்து இல்லை. வறட்சியில் துவளும் வே ராரெமிலிருந்து வந்தது. மோசமான ரகம் என்று ஒதுக்கியதற்குள்ளும் தேவையான ஒரு துண்டு இருக்கலாம்; மற்ற மரபணுக்களோடு சேரும்போதுதான் அது வேலை செய்யும்.

கொண்டைக்கடலையில் ஐசிசி4958 என்ற வரிசையின் 4-ஆம் பிணைப்புத் தொகுதியில் (மார்க்கர்களைக் கொண்டு வரைந்த குரோமோசோம் வரைபடத்தில்) வேர் பண்புகள் உட்பட வறட்சி சார்ந்த பல பண்புகள் குவிந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேச ஆய்வு நிலையத்தினர் அதை மார்க்கர் உதவியோடு, பின்கலப்பு (சந்ததியை ஒரு பெற்றோரோடு திரும்பத் திரும்பக் கலப்பது) மூலம் வேறு ரகங்களுக்குக் கொண்டுசென்றார்கள். அந்த வழியில் வந்த புசா 10216 இந்தியாவில் 2019-ல் வெளியிடப்பட்டது.

பசுமைப் புரட்சிக் குட்டை நெல் ரகங்கள் வறட்சியில் ஏன் அதிகம் துவள்கின்றன?

1966-ல் வந்த ஐஆர்8-உம் அதன் வழிவந்த ரகங்களும் குட்டையாக இருப்பதற்கு 1-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்டி1 மரபணு காரணம். வறட்சியில் மகசூலைக் காக்கும் ஒரு முக்கியமான க்யூடிஎல், என்22 போன்ற பழைய நெட்டை ரகங்களில் இருப்பது, அதே குரோமோசோமில் எஸ்டி1-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் சந்ததிக்கு ஒன்றாகவே போகும். குட்டைச் செடிகளை மட்டும் எடுத்து மற்றதைக் கழித்தபோது, வறட்சி தாங்கும் துண்டும் யாருக்கும் தெரியாமல் கூடவே கழிந்துபோனது.

யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தேர்வுகள் நடந்தது நீரும் உரமும் நிறைந்த வயலில். அங்கே அந்த இழப்பு கண்ணில் படாது. பிறகு ஆயிரக்கணக்கான செடிகளில் மார்க்கர் வைத்துத் தேடி, இரண்டுக்கும் நடுவே குரோமோசோம் முறிந்து மாறிய அரிய செடிகளைப் பிடித்தார்கள். நடுத்தர உயரமும் வறட்சி தாங்கும் துண்டும் ஒன்றாக உள்ள வரிசைகள் அப்படித்தான் கிடைத்தன.

மரபணு மாற்றப் பயிர்கள் இதைத் தீர்த்துவிட்டனவா?

இல்லை. ஒருசில மட்டுமே சந்தைக்கு வந்திருக்கின்றன, அவற்றின் பலனும் மிதமானதுதான்.

மேலே சொன்ன டிரெப் கதையை இங்கே முடித்துவிடுகிறேன். அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடியில் அந்த மரபணுவை எப்போதும் ஓடும்படி வைத்தபோது செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குள்ளமாகிப்போனது. 1999-ல் அதே குழு, மரபணுவின் முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றி, வறட்சி வந்தால் மட்டும் ஓடும்படி செய்தது. குள்ளத்தன்மை பெருமளவு நீங்கியது. மரபணு எது என்பதோடு அது எப்போது, எங்கே ஓடுகிறது என்பதும் முக்கியம் என்று அப்போது விளங்கியது.

விற்பனைக்கு வந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மான்சாண்டோவின் மோன்87460 மக்காச்சோளம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் குளிர் அதிர்ச்சிப் புரதம் அதில் இருக்கிறது; நெருக்கடியில் ஆர்என்ஏ முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2011 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி ஆவணங்களிலேயே, வழக்கமான கலப்பில் வந்த ரகங்களிடையே காணப்படும் வேறுபாட்டின் எல்லைக்குள்தான் இதன் திறனும் இருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

இன்னொன்று அர்ஜென்டினாவின் எச்பி4 கோதுமை. ராகுவேல் சான் குழுவினர் சூரியகாந்தியிலிருந்து எடுத்த ஒரு படியெடுப்புக் காரணி அதில் உண்டு. வறட்சி வந்ததும் எத்திலீன் ஹார்மோனின் பேச்சைக் கேட்டுச் செடி அவசரமாக முதுமையடைந்துவிடாமல் அது தடுக்கிறது. 2020-ல் அர்ஜென்டினா ஒப்புதல் தந்தது, ஆனால் அந்நாட்டுக் கோதுமையை அதிகம் வாங்கும் பிரேசில் சம்மதிக்கும்வரை விற்பனை காத்திருக்க வேண்டியிருந்தது.

மரபணுத் திருத்தம் அதிலிருந்து வேறா?

வேறு உயிரின் மரபணுவைக் கொண்டுவராமல், இருக்கும் மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்வது திருத்தம். 2017-ல் வெளியான மக்காச்சோள ஆய்வு நல்ல உதாரணம். எத்திலீன் உணர்வைத் தணிக்கும் ஆர்கோஸ்8 என்ற மரபணு மக்காச்சோளத்திலேயே இருக்கிறது, ஆனால் மந்தமாக ஓடுகிறது. டிஎன்ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் அதன் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பதில் அதே செடியின் இன்னொரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வைத்தார்கள். பூக்கும் பருவ வறட்சியில் ஏக்கருக்கு 5 புஷல், அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோ கூடுதலாகக் கிடைத்தது. நல்ல நீர் உள்ள வயலில் இழப்பு இல்லை.

நெல்லில் டிஎஸ்டி என்ற மரபணு 2009-ல் சீனாவில் விவரிக்கப்பட்டது. இது செயலிழந்தால் காப்புச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். எம்டியு1010 ரகத்தில் இதைத் திருத்தி உருவாக்கிய புசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற ரகத்தை இந்தியா 2025 மே மாதம் அறிவித்தது. இலைத்துளையைப் பற்றி மேலே சொன்ன சமரசம் இதற்கும் பொருந்தும். பல இடங்களில், பல பருவங்களில் விளைந்த பிறகுதான் அதன் மதிப்பு தெரியும்.

ஆய்வகத்தில் வென்ற மரபணுக்கள் வயலில் ஏன் தோற்கின்றன?

தொட்டியில்தான் முதல் பிரச்சினை. இரண்டு செடிகளைத் தனித்தனித் தொட்டியில் வைத்து நீரை நிறுத்துங்கள். ஒன்று சிறிய செடி. அது குறைவாக நீர் எடுக்கும், மண் மெதுவாகக் காயும், செடி தாமதமாக வாடும். "வறட்சி தாங்குகிறது" என்று எழுதிவிடலாம்! அது செய்ததெல்லாம் சிறியதாக இருந்தது மட்டுமே. ஒரே தொட்டியில் இரண்டையும் சேர்த்து வளர்த்து, ஒரே அளவு மண் ஈரத்தில் ஒப்பிடாத ஆய்வுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அடுத்தது காலம். தொட்டியில் ஒரே வாரத்தில் மண் காய்ந்துவிடும். வயலில் வாரக்கணக்கில் மெல்லக் காயும், நடுவில் தூறல் வரும், கூடவே வெப்பமும் சேரும். செடி இந்த இரண்டுக்கும் காட்டும் எதிர்வினை ஒன்றல்ல.

எத்தனை தேறும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கோர்டேவா என்ற விதை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021-ல் தங்கள் மக்காச்சோளத் திட்டத்தின் கணக்கை வெளியிட்டார்கள். வறட்சி மட்டுமின்றி மகசூல், தழைச்சத்துப் பயன்பாடு போன்ற பண்புகளுக்காக 1,671 மரபணுக்களை வயலில் சோதித்திருந்தார்கள். மேலே கொண்டுபோகத் தகுதி பெற்றவை 22. மரபணுக்களைத் தேர்ந்தெடுப்பதில் அனுபவமுள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கே இப்படி.

ஒரே மரபணு ஓரிடத்தில் நன்மையும் இன்னோரிடத்தில் தீமையும் செய்யுமா?

செய்யும். பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா தார்தியூ 2012-ல் சற்றுக் குறும்பாகவே சொன்னார்: எந்தப் பண்பையும் வறட்சி தாங்கும் பண்பாகக் காட்டிவிடலாம், அதற்கேற்ற வறட்சியை வடிவமைத்தால் போதும் என்று. பருவத்தின் முடிவில் மட்டும் ஈரம் தீரும் இடத்தில் சிக்கனமான செடி வெல்லும். அவ்வப்போது காய்ந்து அவ்வப்போது மழை பெய்யும் இடத்தில், கிடைத்தபோது தாராளமாக நீரை எடுத்து வேகமாக வளரும் செடி வெல்லும். ஒரு ரகத்தின் மேல் "வறட்சி தாங்கும்" என்று எழுதியிருந்தால், எந்தப் பருவத்து வறட்சி, எவ்வளவு ஆழமான மண், எத்தனை ஆண்டு சோதனை என்று கேட்பதில் தவறே இல்லை.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இந்த ரகங்கள் குறைவாக விளையுமா?

சில விளையும். தப்பிக்கும் வகையான குறுகிய வயது ரகங்களுக்கு இந்த விலை கட்டாயம். வளரும் நாட்கள் குறைவு. ஆனால் இது எல்லாவற்றுக்கும் விதி இல்லை. வறட்சியிலும் நல்ல நீரிலும் தனித்தனியாகச் சோதித்து, இரண்டிலும் தேறியவற்றை மட்டும் எடுத்தால் இழப்பைத் தவிர்க்கலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் இந்தியாவின் ஹசாரிபாக் நிலையமும் சேர்ந்து உருவாக்கிய 'சஹபாகி தான்' என்ற நெல் ரகம் அப்படித் தேர்ந்தெடுத்தது.

காய்ந்து சருகாகி மறுபடி துளிர்க்கும் செடிகளின் மரபணுவைப் பயிருக்குக் கொடுத்தால் என்ன?

கிராட்டரோஸ்டிக்மா போன்ற உயிர்த்தெழும் செடிகள் தங்கள் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தும் பிழைக்கும். அவை பயன்படுத்தும் லீ வகைப் புரதங்களும் (உலரும்போது செல்லைக் காப்பவை) சர்க்கரைகளும் பயிர்களின் விதையிலும் இருப்பவைதான். நெல்மணியும் கோதுமைமணியும் உலர்ந்து கிடந்து முளைக்கத்தானே செய்கின்றன? கருவி பயிரிடம் ஏற்கெனவே இருக்கிறது, இலையில் அதை ஓட்டும் கட்டளைதான் இல்லை. ஆனால் அப்படி ஓட்டினாலும், சருகாகக் கிடக்கும் நாட்களில் செடி எதையும் விளைவிக்காது. அறிவியலாக அருமையான விஷயம். மகசூலுக்கு இது நேர் வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை வாடிய செடி அடுத்த முறை நன்றாகத் தாங்குமா?

ஓரளவுக்கு. அராபிடாப்சிஸில் 2012-ல் செய்த சோதனையில், ஒருமுறை வாடிய செடியின் சில மரபணுக்கள் இரண்டாம் முறை வாடும்போது முன்பைவிடப் பலமாக இயங்கின. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் பதிந்த வேதிக் குறிகள்தான் காரணம். அந்த நினைவு சில நாட்களே நின்றது. அடுத்த தலைமுறைக்கு இது நம்பகமாகப் போகும் என்று எண்ணி ரகம் உருவாக்க முடியாது.

புதிய ரகம் வர ஏன் இத்தனை ஆண்டுகள்?

கலப்பு, தலைமுறைகளை நிலைப்படுத்துதல், பல இடச் சோதனை, விதைப் பெருக்கம் எல்லாம் சேர்ந்து வழக்கமாகப் பத்தாண்டை நெருங்கும். முதல் பகுதியைச் சுருக்க வழி வந்திருக்கிறது. நாளுக்கு 22 மணி நேரம் விளக்கு எரியவிட்டு, கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை எடுக்கலாம் என்று 2018-ல் காட்டினார்கள். மரபணுத் தொகுதி முழுவதும் பரவிய மார்க்கர்களைக் கொண்டு, விதைக்காமலேயே எந்தச் சந்ததி தேறும் என்று கணிக்கும் முறையும் பரவிவருகிறது.

சுருங்காதது வயல் சோதனைதான். மழை விழாதபடி மேலே நகரும் கூரை போட்டாலும், கோடையில் நட்டுப் பாசனத்தை நிறுத்தினாலும், ஒரு பருவத்துக்கு ஒரு வறட்சியைத்தான் பார்க்க முடியும். மூன்று வகை வறட்சியில் ஒரு வரிசை எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய, இடங்களைக் கூட்ட வேண்டும், அல்லது ஆண்டுகளைக் கூட்ட வேண்டும். இலையின் வெப்பத்தை மேலிருந்து படமெடுக்கும் ட்ரோன்கள் ஒரே நாளில் ஆயிரம் பாத்திகளை அளந்துவிடுகின்றன. பருவம் முடிய அவையும் காத்திருக்க வேண்டியதுதான்.